கோரையும் கரையும்

சில ஊர்கள் தாம் ஈன்ற மனிதரால் அறியப்படும். சில ஊர்கள் தாம் ஆக்கும் பொருளால் அறியப்படும். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைக்கு இரண்டு பேறும் உண்டு. 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் அது என்பதைக் கற்றோர் சிலர் அறிவர். பாய் நெய்யும் ஊர் என்பதையோ எல்லோரும் அறிவர். நெய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். 'பாய் நெய்த பாய்' என்று எம் மாணவர் சிலேடை பேசி நகைப்பதுண்டு. சிலேடை நன்று, செய்தி பிழை. தறியில் அமர்ந்திருப்பவர் பாய் அல்லர், அவர் வீட்டு அம்மையார்.

அத்தகைய அம்மையார் ஒருவர் எனக்கு மாமி முறை. அவர் வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலியும் இல்லை, கட்டிலும் இல்லை. தரையோடு தரையாகத் தறி ஒன்றுதான் நீண்டு கிடக்கும். விருந்தினர் சுவரோரம் ஒதுங்கி அமர வேண்டியதுதான்.

பட்டுப்பாய் என்னும் பெயரைக் கேட்டு அதில் பட்டிழை இருப்பதாக எண்ணுவாரும் உளர். பாவு பருத்தி நூல், ஊடு கோரை. பட்டுப்போல் மடிவதாலேயே அப்பெயர் பெற்றது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைப் பசுமையாக அறுத்து, நெடுக்காகக் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து வெயிலில் உலர்த்துவர். பின்னர் ஓடும் நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊறவிட்டு மீண்டும் உலர்த்துவர். முரட்டுப் பாய்க்கு இவ்வளவு பாடு இல்லை. நுண்மைக்கு அளவு பாவு நூலின் எண்ணிக்கையே. 100 முதல் 140 வரை எண்ணிக்கையுள்ள பாயே முதல் தரம். நீண்ட மெல்லிய குச்சியால் ஒவ்வொரு கோரையாக ஊடு செலுத்தி, அச்சினை இழுத்து அடித்து, கையகல நெசவு ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நற்பாய்க்கு வாரங்கள் பல ஆகும். முன்னாளில் பதங்கக் கட்டையை வேகவைத்துச் சிவப்பேற்றினர். இன்று பெரும்பாலும் கடைச் சாயமே.

1953இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவிற்கு இவ்வூர்ப் பாய் ஒன்று சென்றதாக ஊரார் பெருமையுடன் உரைப்பர். 2012-13இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைகளுக்குக் குறைவில்லை. குறைந்தது வாங்குவோர் தொகை. கட்டிலும் மெத்தையும் வந்தபின் பாயில் உறங்குவோர் அருகினர். எஞ்சியோரை நெகிழிப் பாயும் விசைத்தறிப் பாயும் கவர்ந்துகொண்டன. திருமணத்திற்கு மணமக்கள் பெயர் பொறித்து நெய்யச் சொல்லும் வழக்கமே பட்டுப்பாயைத் தாங்கி நின்றது.

இந்நிலையில்தான், சில ஆண்டுகட்கு முன்னர், வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் நகர்க்கடை ஒன்றின் வடிவமைப்பாளர் மாமியைத் தேடி வந்தார். உணவு மேசையில் தட்டின்கீழ் விரிக்கும் சிறு விரிப்புகள் வேண்டும். சாயம் வேண்டா, கோரையின் இயல்பு நிறமே போதும். கரையும் வேண்டா, மெல்லிய கோடு ஒன்று ஓரத்தில் ஓடினால் போதும் என்றார். மாமி அவரிடம் தலையசைத்துவிட்டு என்னிடம் முறையிட்டார்:

"கரையில்லாம முடிக்கச் சொல்லுதாங்க வாப்பா. பாதியில எந்திரிச்சிப் போனாப்பலல்லா இருக்கும்?"

நெய்து முடித்துக் காட்டியபோது நான் வியந்தேன். சிவப்பும் கறுப்பும் மறைத்திருந்த கோரையின் பொன்னிறம் அன்றுதான் என் கண்ணில் பட்டது. புதுமை மரபைக் கெடுக்கும் என்று மேடைதோறும் முழங்குவாரோடு எனக்கு உடன்பாடில்லை. உறங்கும் பாய் உண்ணும் மேசைக்கு ஏறுவதால் கோரைக்கு இழுக்கொன்றும் இல்லை; தறிக்கு வேலை உண்டு.

எனக்கு உறுத்தியது வேறு. விரிப்பின் அடியில் தைத்த சிறு துணியில் கடையின் பெயர் இருந்தது. வடிவமைத்தவர் பெயர் இருந்தது. 'பத்தமடை' என்பதும் இருந்தது. நெய்தவர் பெயர் இல்லை. முப்பது ஆண்டுகளாக எத்தனையோ மணமக்களின் பெயரை எழுத்தெழுத்தாகக் கோரையில் ஏற்றிய கை அது. கூலியும் துண்டுக்கு இவ்வளவு என்பதே. துண்டு சிறிதானதால் கூலியும் சிறிதாயிற்று. ஆனால் கோரை கிழிப்பதும், பாவு ஓட்டுவதும், ஓரம் கட்டுவதும் சிறிதாகவில்லை.

இக்கணக்கை முதலில் போட்டவள் மாமியின் மகள். கல்லூரியில் வணிகவியல் பயில்பவள். தறியில் அமர மாட்டேன் என்று உறுதியாகக் கூறியவள். ஆயினும் ஒரு மாத காலம் தாயின் அருகில் கடிகாரத்தோடு அமர்ந்து, எவ்வேலைக்கு எத்தனை மணி என்று குறிப்பேட்டில் எழுதினாள். அடுத்த முறை வடிவமைப்பாளர் வந்தபோது தேநீருக்குப்பின் அக்குறிப்பேட்டை அவர்முன் விரித்தாள். அவர் நெடுநேரம் படித்தார். நாட்கூலிக் கணக்கில் தர இசைந்தார். துணியில் பெயர் சேர்ப்பதைக் கடையில் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

விடை இன்னும் வரவில்லை. அறுபது விரிப்புகளுக்கான பாவு தறியில் ஏறியிருக்கிறது. ஓரத்துக் கோடு ஒன்று போதாது, இரண்டாவது இருக்கட்டும் என்று மாமி வாதாடி வென்றிருக்கிறார்.