அமாவாசைக்கும் கொடிக்கும் இடையில்

சுன்னாகம் சந்தையில் ஆடி அமாவாசைக்கு முதல்நாள் மட்டும் தலை காட்டும் காய் ஒன்று உண்டு. காத்தோட்டிக்காய். வருடத்தின் மற்ற நாட்களில் அதை யாரும் கேட்பதில்லை, யாரும் கொண்டுவருவதுமில்லை. பற்றைகளில் முள்ளோடு படர்கிற கொடி அது. கீறல் வாங்காமல் அதைப் பறித்தவர் இருக்க முடியாது. வாயில் வைத்தால் கசக்கும். ஆனாலும் தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் அந்த விரதத்தில், இலையின் ஒரு மூலையில் அது பொரிந்து கிடக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு விலக்கு இல்லை.

மரக்கறிக் கடைகள் முடிகிற இடத்தில், ஒரு மூதாட்டி சாக்கை விரித்துக் கடகத்தோடு உட்கார்ந்திருந்தார். கூவவில்லை. கூவத் தேவையும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் கைபேசியில் இருந்த படத்தையும் கடகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுதானோ ஆச்சி?" ஆச்சி தலையை மட்டும் ஆட்டினார். அவனுக்கு இது முதல் வருடம் போலிருக்கிறது. விலையைக் கேட்டு முகம் சுளித்துப் போனவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள். பேரம் பேசினால் மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசிக் குவியலை வாங்கியவர் என் அயலவர். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. உறுதியில் எழுதப்பட்ட பங்கு. அதற்கு வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து. அதனால் அவர் வளவுக்குள் நான் எந்நேரமும் போய்வரலாம். விறாந்தையில் உட்கார்ந்தால் தேத்தண்ணி வரும். அதற்குப் பிறகு என்னையும் அந்த வீட்டுக் கதிரைகளில் ஒன்றாகக் கணக்குப் பண்ணிவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் பேசுவார்கள். எனக்கும் அது வசதி.

அமாவாசையன்று விடியுமுன் அவர் கீரிமலைக்குப் போய்விட்டார். கேணியில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஐயருக்கு அரிசியும் மரக்கறியும் கொடுத்துத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. குசினியில் மச்சச் சட்டிகள் முதல்நாளே கழுவிக் கவிழ்த்துப் பின்பத்திக்குப் போயிருந்தன. மனைவி காத்தோட்டியை வெட்டிக் கொட்டை நீக்கி, உப்பும் மஞ்சளும் பிசிறி வைத்திருந்தார். பூசணிக்காய், வாழைக்காய், பயிற்றங்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வடை, பாயாசம். தலைவாழை இலையில் எல்லாம் ஒழுங்காக வந்து அமர்ந்தன. சுவரில் பூமாலையோடு தகப்பனார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். 2012இல் மறைந்தார்.

எண்பத்தைந்துக்குக் கிட்ட வயது இருக்கும் ஆச்சிக்கு, அதாவது தகப்பனாருடைய மனைவிக்கு. விறாந்தைச் சாய்மனையில் இருந்தபடி இலையை ஒருமுறை பார்த்தார்.

"அந்த மனிசனுக்குக் காத்தோட்டியைக் கண்ணிலை காட்டேலாது."

"ஏனம்மம்மா, பிறகென்னத்துக்கு வைக்கிறியள்?" கேட்டது ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் பேத்தி. மகளின் மகள். பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

"தன்ர தேப்பனுக்காக வருசத்துக்கு ஒருக்கால் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினவர். இப்ப இவன் முழுங்குறான்."

முற்றத்தில் நின்று மகன் "கா… கா…" என்றார். வேலிக்கு அப்பாலும் அதே குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று. அன்றைக்கு ஊரில் காகங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. எல்லா வீட்டிலும் அழைப்பு, எல்லா வீட்டிலும் வடை. கடைசியில் ஒன்று வந்து, சோற்றை விட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. "ஆள் வந்திட்டார்" என்றார் ஆச்சி. அவர் சிரிக்கவில்லை, மற்றவர்கள் சிரித்தார்கள்.

சாஸ்திரப்படி அத்தோடு முடிந்தது. ஆனால் இந்த வீட்டில் அமாவாசை அத்தோடு முடிவதில்லை. இறந்தவருக்குப் பிடித்தது ஒடியல் கூழ். மீன்தலையும் நண்டும் போட்டது. எட்டுச் செலவன்று அது படையலில் இருந்தது. அந்தியேட்டிக்குப் பிறகு வருகிற எந்த நினைவு நாளும் மரக்கறிதான். பிடித்ததைக் கொடுக்க வழி இல்லையே என்று ஆச்சி ஒருமுறை முணுமுணுத்திருக்கவேண்டும். அதிலிருந்து அமாவாசை கழிந்த கையோடு கூழ் என்று ஒரு சொந்த வழக்கம் வந்துவிட்டது. எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள்.

அதற்குக் காலமும் நிறைய இல்லை. ஆடி அமாவாசையிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். பிறகு 25 நாள் திருவிழா. பல வீடுகளைப் போல இங்கேயும் மச்சம் இல்லை. நடுவில் இருப்பது நாலு நாள். இந்த முறை அதில் ஒன்று வெள்ளிக்கிழமை, அதுவும் போய்விட்டது. சனிக்கிழமை என்று முடிவானது.

மகன் விடியவே சந்தைக்குப் போய் மீனோடு வந்தார். விளைமீன், ஒரு பாரைத் தலை, நண்டு, இறால். "மயிலிட்டி மீன்" என்று சொல்லித்தான் பையை வைத்தார். அது வெறும் இடப்பெயர் இல்லை. 1990க்கு முன் இந்தச் சந்தையில் பெரிய மீனெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. சனங்கள் இடம்பெயர்ந்து, கடற்கரை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், 2017இல்தான் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. தகப்பனார் மறையும்வரை 22 வருடமும் மற்ற மீன்களைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டவர். ரயிலுக்கும் அதே கதைதான்: 1990இல் நின்றது, 2015 ஜனவரியில் சுன்னாகத்தைக் கடந்து காங்கேசன்துறைக்குப் போனபோது பார்க்க அவர் இல்லை. வெங்காயமும் புகையிலையும் மூட்டை மூட்டையாகத் தெற்கே ஏற்றிய காலத்தைச் சொல்லிச் சொல்லியே போய்விட்டார்.

குசினிக்குள் அவர் கால் வைத்ததில்லை. தேத்தண்ணி போடவும் தெரியாது. ஆனால் கூழ் என்றால் முற்றத்தில் மூன்று கல் வைத்து அவரே காய்ச்சுவார். வேறு யாரும் அகப்பையைத் தொடக்கூடாது. அனுராதபுரத்திலும் மாகோவிலும் தனியாக வேலை பார்த்த நாட்களில் பழகியது. பெண்களின் வேலை பயிற்றங்காய் முறித்துக் கொடுப்பது, பலாக்கொட்டை உரிப்பது, பேசாமல் இருப்பது. ஆச்சி ஐம்பது வருடத்துக்குக் கிட்ட இந்த மூன்றையும் செய்தார்.

இப்போது அகப்பை மகனிடம். பேத்தி சமையல் தராசையும் கொப்பியையும் கொண்டுவந்து முற்றத்து வாங்கில் வைத்தாள். ரொறன்ரோவிலிருந்து தாயும் காணொலியில் வந்துவிட்டார், அங்கே நடுச்சாமம். கைபேசியை மாமரக் கவரில் சாய்த்து வைத்தார்கள். ஒடியல் மாவை ஆச்சி முதலே கரைக்கச் சொல்லியிருந்தார். மா அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஊற்றவேண்டும். அத்தோடு கைப்பு போகும். பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்தில் பொதி செய்த மா கிடைக்கிறது, சுத்தமானதுதான். ஆச்சி அதை ஏற்றுக்கொள்வதில்லை. தை மாசியில் கிழங்கு கிண்டி, பிளந்து காயவிட்டு வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஒடியலாகவே எடுத்து, ஆலையில் கொடுத்துத் திரித்தால்தான் மா.

கரைத்தது கிணற்றுத் தண்ணீரிலா, வாங்கிய தண்ணீரிலா என்று ஒரு கேள்வி வந்தது. சுன்னாகத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. வலிகாமத்தின் தண்ணீர் முழுவதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். 2014 முடிகிற நேரம் இங்கே கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற செய்தி நாடெல்லாம் தெரிந்தது. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் என்றார்கள். பவுசர் வந்தது, வாளிகள் வரிசையில் நின்றன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. எங்கள் பங்குக் கிணற்றையும் அப்போது மூடி வைத்திருந்தோம். அந்த வருடங்களில் இந்த வீட்டில் கூழ் இல்லை. "பவுசர் தண்ணியிலை காய்ச்சி அவருக்குக் குடுக்கவோ?" என்று ஆச்சி மறுத்துவிட்டார். இன்றும் குடிக்க வாங்கிய தண்ணீர்தான். கூழுக்கும் அதையே ஊற்றியிருந்தார் மருமகள். ஆச்சி கேட்டபோது "ஓம் மாமி, எல்லாம் பாத்துத்தான் செய்தனான்" என்றார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. ஆச்சியும் தோண்டவில்லை.

தண்ணீர் கொதித்தது. ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய். பிறகு மீன்தலை, நண்டு. அரைத்த செத்தல் மிளகாய்க் கூட்டை மகன் கையில் எடுத்தபோதுதான் மாமரத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, அரிசி போட்டனீங்களே? அப்பா அரிசி போடுறேல்லை."

"போட்டவர். நான் பக்கத்திலை நிண்டனான்."

"கருவாடு எங்கை? கருவாடு இல்லாமல் அதென்ன கூழ்?"

"கூழுக்கு ஆரடி கருவாடு போட்டது!"

சண்டை சூடு பிடித்தது. பேத்தி பேனையைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்தாள். எந்தக் கூற்றை எழுதுவது? எனக்கு விஷயம் மெல்ல விளங்கியது. மகன் சொல்வது மயிலிட்டி மீன் மலிந்து கிடந்த காலத்துக் கூழ். அவருக்கு அப்போது பதினான்கு பதினைந்து வயது. தங்கை சொல்வது வேறு. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் பல மாதம். நண்டுக்கு எங்கே போவது? கிடைத்த கருவாட்டையும் மரவள்ளியையும் போட்டு, அரிசியை அடுத்த நேரச் சோற்றுக்குப் பத்திரப்படுத்திவிட்டு, தகப்பனார் பதினெட்டுக் குடும்பத்துக்குக் காய்ச்சினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாக்கில் அதுதான் கூழ் என்று பதிந்துவிட்டது. இருவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு அப்பா.

சமையல் புத்தகம் எழுதுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். "பாரம்பரிய முறை" என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு பட்டியலைத் தருவார்கள். அது எந்த வருடத்துப் பாரம்பரியம், போருக்கு முன்னதா, பாதை பூட்டிக் கிடந்த நேரத்ததா என்று கேட்டால் பதில் இராது.

ஆச்சி அதுவரை வாய் திறக்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஓய்ந்த பிறகு சொன்னார்: "ரெண்டும் போட்டவர். இருந்ததைப் போட்டவர்." பிறகு மகனிடம், "தம்பி, கதைச்சுக் கொண்டு நிண்டால் அடிப்பிடிக்கும். துழாவு."

புளி கரைத்து ஊற்றினார்கள். மாவை விட்டுக் கிண்டக் கிண்டக் கூழ் தடித்தது. கடைசியில் இலை. முருங்கை இலையா முசுட்டை இலையா என்று இன்னொரு வழக்கு எழும்பப் பார்த்தது. வேலியில் முசுட்டை இருந்ததால் தீர்ப்புத் தானாக வந்தது. பையன் ஒருவன் தேங்காயைச் சொட்டுச் சொட்டாக வெட்டிக்கொண்டிருந்தான். பனையோலையில் பிளா கோலுகிறவர் இப்போது அந்த வீட்டில் ஆச்சி ஒருவர்தான். விரல் நடுங்கினாலும் மடிப்புத் தவறவில்லை. பேத்தி கோலிய பிளா இரண்டும் ஒழுகின. அவற்றை நாய்க்குக் கொடுக்க உதவும் என்று வைத்தார்கள்.

முதல் பிளா சுவரடிக்குப் போனது, படத்துக்கு முன்னால். இரண்டாவது ஆச்சிக்கு. ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார். முற்றம் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. இதே ஆச்சியைத்தான் அந்தக் காலத்தில் அகப்பையைத் தொட விடவில்லை.

"உப்புச் சரி. புளி கொஞ்சம் காணாது. உறைப்பு இல்லை."

"மிளகாய் நல்லாப் போட்டனான் அம்மா."

"இல்லையெண்டு சொல்லுறன்."

பேத்தி கொப்பியைத் திருப்பி வாசித்துக் காட்டினாள். ஒடியல் மா 250 கிராம். மீன் ஒரு கிலோ. செத்தல் மிளகாய் 20. ஆச்சி கேட்டு முடித்தார்.

"உது ஆருடைய கூழ் பிள்ளை?"

"தாத்தான்ர."

"அவர் எப்ப நிறுத்துக் காய்ச்சினவர்? மிளகாயை வெட்டு. வெட்டிப்போட்டு எழுது: குடிச்சால் மூக்காலை ஓடோணும்."

"அதை எப்பிடி அம்மம்மா அளக்கிறது?"

ஆச்சி மகனைக் காட்டினார். அவர் ஏற்கெனவே தோளில் கிடந்த துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பிளாவை நீட்டியிருந்தார். மாமரத்திலிருந்து தங்கை, தனக்கு மாவை நாலு கிலோவாவது பிள்ளையிடம் கொடுத்துவிடச் சொன்னாள். பெட்டியில் இடமில்லை என்றாள் பிள்ளை. அப்படியானால் அந்தச் சப்பாத்துகளை விட்டுவிட்டு வா என்றாள் தாய். என் கையிலும் ஒரு பிளாவைத் திணித்தார்கள். கொப்பியில் 20ஐ வெட்டிவிட்டு, ஆச்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டிருந்தாள் அவள்.