பத்திரம் பார்த்தாயிற்று, கட்டடம்?

நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் காகிதத்துக்குக் காட்டுகிற அக்கறையைக் கட்டடத்துக்குக் காட்டுவதில்லை. தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாம் வக்கீல் கைக்குப் போகும். வாஸ்து பார்க்க ஒருவர் திசைகாட்டியோடு வருவார். சுவரும் தளமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை. "புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, பளிச்சுன்னு இருக்கு" என்பதோடு அந்த ஆராய்ச்சி முடிந்துவிடும்.

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன் நான். "பேங்க் இன்ஜினீயரே வந்து பார்த்துட்டார் சார்" என்று நிம்மதியாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் பார்ப்பது வேறு. சொத்து என்ன விலை போகும், கடன் வராவிட்டால் விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா, வரைபடத்தில் உள்ளபடி கட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். அவர் வங்கிக்காக வருகிறவர். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. கட்டணத்தை நாம் கட்டுவதால் நமக்காகப் பார்த்தார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணவர் போன பிறகு என் தங்கை ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நங்கநல்லூரில் பழைய ஃபிளாட் ஒன்றைப் பார்த்தாள். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. 1990-களில் கட்டியது. ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்தே போகலாம். அவளுக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. நிலம் விற்ற பணம் மொத்தமும் அதில் போய்விடும். பிற்பாடு மராமத்து என்று வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். புரோக்கர் தன் ஆளை அழைத்துவருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ரிப்பேர் வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டரும் வேண்டாம். அவருக்கு எல்லா வீட்டிலும் வேலை இருக்கும். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தார். வீடு கைமாறினாலும் மாறாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். 12,000 ரூபாய் கேட்டார்.

"அண்ணா, அந்தக் காசுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிடலாமே" என்றாள் தங்கை.

வந்தவரிடம் ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், ஈரம் பார்க்கும் கருவி, ஒரு நோட்டு. நேராக மொட்டை மாடிக்குப் போனார். தட்டோடுகளின் இடுக்குகள் வாய் பிளந்திருந்தன. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களில் ஒன்றில் கம்பி வெளியே தெரிந்தது. அதன் பிறகே வீட்டுக்குள் வந்தார். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், ஓரத்தில் வரிசையாக விளக்குகள். தங்கை அதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதை எப்போ போட்டீங்க?" என்றார்.

"நான் வாங்கும்போதே இருந்துச்சு சார், ஏழு வருஷம் ஆச்சு" என்றார் வீட்டுக்காரர்.

ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் புரோக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். திரும்ப மாட்டுகிற செலவு எங்களுடையது என்று சொன்ன பிறகு வீட்டுக்காரர் சம்மதித்தார். மறுநாள் தச்சர் வந்து கழற்றினார். உள்ளே தளத்தின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து, கம்பிகள் கரையான் அரித்த மரம்போலத் தெரிந்தன. மிச்ச இடத்தில் சுத்தியலால் தட்டினால் பொத்துப் பொத்தென்று காலிப் பானைச் சத்தம்.

பொறியாளர் பொறுமையாக விளக்கினார். கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். மேலிருந்து மழை நீரும் கசிந்தால் துரு விறுவிறுவென்று ஏறும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளிவிடும். உடைந்த இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்துக் காட்டினார். பள்ளிக்கூட வேதியியல் கூடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். காரம் மிச்சம் இருந்தால் ரோஜா நிறம் வர வேண்டும். கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை.

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவர் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 55-ஆம் பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். தனக்கே தெரியாததை அவர் எங்கே சொல்வது? 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பு இருக்கிறது என்றாலும், அது புதுக் கட்டடம் விற்கிற புரமோட்டருக்கு. கைமாறி வரும் பழைய ஃபிளாட்டுக்கு உதவாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, செலவும் பொது. ஆனால் ஒழுகுவது மேல் வீட்டில் மட்டும். அந்தக் கட்டடத்தில் 12 வீடுகள். தரைத் தளத்துக்காரர் அடுத்தவர் வீட்டுக் கூரைக்கு மனமுவந்து பணம் எடுத்துக் கொடுப்பார் என்று நம்ப, நான் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களைப் பார்க்காதவனாக இருக்க வேண்டும்.

வாங்கவில்லை. தங்கை நான்கு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோயில் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைக்குமா என்பதுதான் அவள் கவலை.

ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது, இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில். இம்முறை பொறியாளரைக் கூப்பிட்டது அவளேதான். அந்த வீட்டுக்கும் குறைகள் எழுதினார்: குளியலறைத் தளத்தில் கசிவு, எர்த் இல்லாத மூன்று பிளக் பாயின்ட், பின்பக்க சன்ஷேடில் விரிசல். தூண், உத்தரம், தளம் எல்லாம் சரி. அந்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு பேசி 1,50,000 ரூபாய் குறைத்தோம். அதிலேயே மராமத்து முடிந்து, ஃபிரிட்ஜும் வந்தது.

போன மாதம் பழைய வீட்டுக்காரர் போன் செய்தார். சங்கத்தில் மொட்டை மாடி வேலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். அந்த அறிக்கையின் நகல் ஒன்று கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தங்கையிடம் சொன்னேன். "குடுத்துடு அண்ணா, கீழ குழந்தைங்க எல்லாம் இருக்காங்க" என்றாள். ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 6,000 ரூபாயை ஒரு கவரில் போட்டு நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.