சிற்றுருவில் ஓர் எஞ்சின் கொட்டகை

இலண்டன் மாநகரின் பாடிங்டன் நிலையத்திலிருந்து மேற்கு நோக்கி 53 மைல் சென்றால் டிட்கொட் என்னும் சந்தியை அடையலாம். ஒக்ஸ்போர்ட் நகருக்குச் செல்லும் பாதை பிரிவது அங்கேதான். நிலைய மேடைகளின் கீழ்ச் செல்லும் சுரங்க வழியால் நடந்து, படியேறி வெளியே வந்தால், நீராவி எஞ்சின்களின் காலம் கண்முன் தோன்றுகின்றது. கிரேட் வெஸ்டர்ன் புகையிரதக் கம்பனி 1932ஆம் ஆண்டில் அமைத்த எஞ்சின் கொட்டகை அங்கு நிற்கின்றது. 1965இல் நீராவி எஞ்சின்கள் அதனை விட்டு நீங்கின. 1967இல் ஆர்வலர் சங்கமொன்று அங்கு குடிபுகுந்து, கொட்டகையையும் பழைய எஞ்சின்கள் பலவற்றையும் இன்றுவரை காத்து வருகின்றது.

எஞ்சின்களைப் பார்ப்பதற்காக மட்டும் நாம் அங்கு செல்லவில்லை. மேசைமீது ஓடும் சிறிய இரயில் அமைப்பிலே எஞ்சின் கொட்டகையொன்றை எவ்வாறு கட்டுவது என்று அறியும் ஆவலும் எமக்கிருந்தது. இதனைச் சிறுவர் விளையாட்டென்று எண்ணுவோர் உளர். விளையாட்டுத்தான், எனினும் இதில் இறங்குபவர் எந்த வயதினராயினும் முதலில் மாணவராதல் வேண்டும்.

கொட்டகை என்பது எஞ்சின்களை நிறுத்தி வைக்கும் இடம் மட்டுமன்று. அங்கே இரவும் பகலும் வேலை நடந்தது. குளிர்ந்து கிடக்கும் பெரிய எஞ்சினில் நெருப்பு மூட்டி, ஓடத்தக்க அளவு நீராவி எழுப்பப் பல மணி நேரம் செல்லும். ஓடித் திரும்பிய எஞ்சினின் அடுப்பிலிருந்து சாம்பலையும் உருகி இறுகிய கட்டிகளையும் வாரி வெளியேற்ற வேண்டும். தண்டவாளங்களுக்கிடையே வெட்டிய குழிகளில் இறங்கி, எஞ்சினின் அடிப்பாகத்துக்கு எண்ணெய் இட வேண்டும். எழும் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுசெல்ல, ஒவ்வொரு பாதைக்கும் மேலாக நீண்ட புகைத்தொட்டிகள் தலைகீழாகத் தொங்கின.

டிட்கொட்டில் நிலக்கரி ஏற்றும் மேடையும் உண்டு. சரிவான பாதையில் கரி வண்டிகளை மேலே தள்ளிச் சென்று, கரியைச் சிறு தள்ளுவண்டிகளில் மண்வெட்டியால் வாரிப் போட்டு, கீழே நிற்கும் எஞ்சினுக்குக் கவிழ்ப்பர். பெரும் இயந்திரங்களால் இதனை எளிதிற் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அக்கம்பனி பெரிதும் பயன்படுத்திய வேல்ஸ் நாட்டுக் கரி எளிதில் நொறுங்குவது. உயரத்திலிருந்து கொட்டினால் தூளாகிவிடும். ஆகவே மனிதக் கையே அங்கு வேண்டியிருந்தது.

இனிச் சிற்றுருவுக்கு வருவோம். பிரித்தானியாவிற் பெருவழக்கான அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்பதாகும். ஆறடி மனிதன் 24 மில்லிமீற்றர் உயரமாவான். 200 அடி நீளமான கொட்டகை 80 சென்ரிமீற்றருள் அடங்கும். எஞ்சினைத் திருப்பும் 70 அடிச் சுழல்மேடைக்கு 28 சென்ரிமீற்றர் போதும்.

வேலையிலும் ஒரு முறையுண்டு. குழிகளை முதலிலேயே அடிப்பலகையில் வெட்டிவிட வேண்டும். பாதை போட்ட பின் வெட்டுவது பெருந்தொல்லை. சுவருக்குத் தடித்த மட்டையில் செங்கல் வரிகளைக் கீறலாம். கூரையைக் கழற்றத்தக்கதாக வைத்தால், உள்ளேயுள்ள புகைத்தொட்டிகளையும் காட்டலாம். கரிக்குவியலுக்கு உண்மையான நிலக்கரியை நொறுக்கித் தூவுவதே சிறந்தது. ஆனால் நிறத்தில் அவதானம் தேவை. கரிய பொருளென்று தூய கறுப்பைப் பூசினால் அது பொம்மையாகவே தோன்றும். கறுப்புடன் சிறிது மண்ணிறமும் சாம்பல் நிறமும் கலந்தால்தான் தூரத்திற் காணும் கருமை கிடைக்கும். தண்டவாளத்தின் மேற்புறம் மின்ன, பக்கங்கள் துருநிறமாயிருக்கும். கூரையில் புகைபோக்கிகளைச் சுற்றிப் புகைக்கரி படிந்திருக்கும். நீர் கொடுக்கும் தூணின் அருகே, பனிக்காலத்தில் நீர் உறையாதபடி எரித்த நெருப்புக் கூடையொன்றும் நிற்கட்டும்.

இந்த அழுக்கையெல்லாம் ஏன் இத்துணை நுணுக்கமாகப் பதிய வேண்டும்? ஒவ்வொரு கறையும் ஒருவர் செய்த வேலையின் அடையாளம் என்பதே எமது விடை. எஞ்சின் துடைக்கும் பையனாகச் சேர்ந்தவன், பின்னர் கரி அள்ளிப் போடுபவனாகி, நெடுங்காலம் கழிந்தே சாரதியாவான். 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துடன் பிரித்தானியப் பெருவழிகளில் நீராவிச் சேவை முடிவுற்றது. கொட்டகைகள் பல இடிக்கப்பட்டன. எஞ்சின்களை விலைகொடுத்து வாங்கிக் காத்தவர்கள் உண்டு. சாம்பலை எங்கே கொட்டினார்கள், கருவிகளை எங்கே சாய்த்து வைத்தார்கள் என்பதோ, அங்கு உழைத்தோரின் நினைவில் மட்டுமே தங்கியது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். சிற்றுரு அமைப்பவர் பழைய படங்களை ஆராய்ந்து, முதியோரைத் தேடிக் கேட்டு, அவ்வறிவைச் சிறிதேனும் தடுத்து நிறுத்துகின்றார்.

இவ்வுண்மையை வாழ்வாகக் கொண்ட ஒருவரின் பணியை அண்மையிலேயே காணலாம். டிட்கொட்டிலிருந்து சில மைல் தொலைவில் லோங் விற்றன்ஹாம் என்னும் சிற்றூரில் பென்டன் காட்சிச்சாலை உள்ளது. 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த றோய் இங்கிலண்ட் என்பவர், அப்பகுதிக் கிராம வீடுகளின் வைக்கோற் கூரைகள் நீக்கப்படுவதையும் பழைய உருவங்கள் மாறுவதையும் கண்டு வருந்தினார். அவை அழியுமுன் அளந்து, அதே அளவு விகிதத்திற் சிற்றுருவாக்கத் தொடங்கினார். 1954இல் காட்சிச்சாலை உருவாயிற்று. அவர் 1995இற் காலமான பின்னரும் தொண்டர்கள் பணியைத் தொடர்கின்றனர். 1920களிலும் 1930களிலும் இருந்த கிராமப்புறமும் அதனூடே ஓடிய புகையிரதங்களும் அங்கு காட்சி தருகின்றன. மட்டையாலான வீடுகளைக் குனிந்து நோக்கியபோது, அவற்றின் தோட்டங்களிற் பயிர் வரிசைகள்கூடத் தப்பாதிருக்கக் கண்டு வியந்தோம்.

மாணவர்களே, மேசை இரயில் வாங்க எல்லோராலும் இயலாது. ஓர் அளவு நாடாவும் பென்சிலும் கொப்பியும் இருந்தால் போதும். உங்கள் ஊரில் நாளை இடிபடக்கூடிய பழைய கட்டடம் ஒன்று இருப்பின், அதன் கதவையும் சாளரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கு வேலை செய்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று கேளுங்கள். மட்டையை எப்போதும் வெட்டலாம். கேட்க வேண்டியதை அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.