வில்லுக்கத்தியும் பித்தளைப் பூணும்

ஏடெழுதுவோர் முற்காலத்திலே கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடியில் மடங்கும் மடக்கெழுத்தாணியைக் கையாண்டனர். அதன் தம்பிபோல எங்கள் இல்லத்திலும் ஒரு வில்லுக்கத்தி உண்டு. பாட்டனார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வெள்ளமெனத் தென்மராட்சிக்கு நடந்த இரவிலே, எங்கள் மடியோடு வந்த சில பொருள்களுள் அதுவும் ஒன்று.

கடல் சூழ்ந்த குடாநாட்டின் உப்புக்காற்றிற் பூண் கறுப்பது இயல்பே. பித்தளை, செம்பும் நாகமும் கலந்த உலோகம். பழப்புளியிலுள்ள அமிலம் அதன் கறுப்பைக் கரைக்கும். புளியைச் சிறிது நீரிற் குழைத்து, மெல்லிய துணியினாற் பூணில் மட்டும் தேய்த்தல் வேண்டும். அலகிற் பட்டுவிட்டால் துருவேறும். உடனே கழுவி, ஈரம் அறத் துடைத்து, மடிப்பு மூட்டில் ஒரு துளி தேங்காயெண்ணெய் இடுக.

அரத்தினால் அராவிப் பொன்போலாக்க விழையும் மாணவச் செல்வர்கள் சற்றே பொறுத்தருள்க! பூணிலே பாட்டனார் ஊசியாற் கீறிய முதலெழுத்து இருக்கிறது. அவர் எழுதி வைத்த கடிதங்களும் கணக்கேடுகளும் வீட்டோடு அழிந்தபின், எஞ்சியது அவ்வோரெழுத்தே. ஆதலின், அவ்விடத்திற் புளியிடாது விடுகிறோம். பள்ளத்திற் படிந்த கறுப்பினாலன்றோ அவ்வெழுத்து விளங்குகிறது!