தங்கம் கரையும் கணக்கு

இரசாயனச் சமன்பாடு என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று எண்ணிச் சரிக்கட்டுவது கணக்குப்பிள்ளை வேலை என்பார்கள். கோலார் தங்க வயலில் பிறந்த நான் அவ்வாறு சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் உலை கொதித்ததே ஒரு சமன்பாட்டின் தயவில்தான்!

பாறையை மாவாய் அரைத்தாலும் நுண்ணிய தங்கம் முழுவதும் கைக்கு வந்துவிடாது. நீர்த்த சயனைடில் அதைக் கரைத்து, துத்தநாகத்தால் மீட்கும் முறையை 1887-இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டனர்.

அது கரைவது எப்படி? வகுப்பில் நண்பர் ஒருவர் எழுதினார்: தங்கம் 2, சோடியம் சயனைடு 4, தண்ணீர் 2, கிடைப்பது தங்க உப்பு 2, காஸ்டிக் சோடா 2, ஹைட்ரஜன் 1. எண்ணிப் பாருங்கள், அணுக்கள் அத்தனையும் சரியாக இருக்கும். எனினும் தொட்டியில் நடப்பது அதுவன்று. இதைச் சயனைடுத் தொட்டியருகே ஆயுளைக் கழித்த என் தாத்தாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "வாயு எங்க கண்ணு வெளிய வந்துச்சு? நாங்கதான உள்ள காத்து அடிச்சோம். காத்து நின்னா தங்கமும் நின்னுபோகும்."

பள்ளிக்கூடம் அதிகம் காணாத அவர் சொன்னதையே 1846-இல் எல்ஸ்னர் எழுதிவைத்தார்: பிராணவாயு வேண்டும். தங்கம் 4, சயனைடு 8, பிராணவாயு 1, தண்ணீர் 2. விளைவு தங்க உப்பு 4, காஸ்டிக் சோடா 4. நிறுத்துப் பார்ப்போம். 788, 392, 32, 36 கிராம், கூட்டினால் 1248. மறுபக்கம் 1088-உம் 160-உம், அதுவும் 1248. ஆக, ஒரு கிராம் தங்கத்துக்கு அரை கிராம் சயனைடு போதும். பிறகு ஒரு கிராம் துத்தநாகம் ஆறு கிராம் தங்கத்தை மீட்டுத் தரும். இதெல்லாம் காகிதத்தில்தான். பாறையிலுள்ள செம்பும் கந்தகமும் பங்கு கேட்பதால், ஆலையில் சயனைடு பன்மடங்கு செலவாகும்.

டன்னுக்கு 5 கிராம் தங்கம் என்று வைத்துக்கொண்டால், மீதி 9,99,995 கிராம் எங்கே போயிற்று? எங்கள் ஊருக்கு வந்தால் காணலாம், மலை மலையாய் நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல்! சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது, மலைகள் மூடப்படவில்லை. சயனைடு வெயிலில் நாளடைவில் சிதையும். மணல்தூள் சிதையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது கூரையிலும் சோற்றிலும் வந்து விழும். தாத்தாவின் இருமலுக்கு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, தூசு என்கிறார்.

2024-இல் அந்த 13 குவியல்களையும் மீண்டும் அலசிப் பொன்னெடுக்கக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். எவ்வளவு தங்கம் தேறும் என்று தாத்தா கேட்கவில்லை.

"வாரும்போது தூசி பறக்குமே, தண்ணி தெளிப்பாங்களா?" என்றார்.