கற்பூரப் பந்தும் பிளாஸ்டிக் பந்தும்

உடைந்துபோன பழைய டேபிள் டென்னிஸ் பந்தை யாராவது பற்ற வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் இனிமேலும் பார்க்க வேண்டாம் :-) குப்பென்று பிடித்துக்கொள்ளும். கற்பூர வாசனை வரும். அது வெறும் வாசனை இல்லை, பந்துக்குள் நிஜமாகவே கற்பூரம் இருந்தது. பருத்தியை அமிலத்தில் போட்டு எடுத்து, கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பதுதான் செல்லுலாய்டு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்குப் பதில் வேறு ஏதாவது கிடைக்காதா என்று தேடிய ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் 1870ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். முப்பது வருஷம் கழித்து அது டேபிள் டென்னிஸ் மேஜைக்கு வந்து, நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது.

2014ல் போய்விட்டது. அந்தப் பந்து போன கதையையும், அதனால் நான் அழுத கதையையும்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தெள்ளார். மூன்றாம் நந்திவர்ம பல்லவன் போரில் ஜெயித்து, 'தெள்ளாறெறிந்த' என்று பட்டம் வாங்கிக்கொண்ட அதே ஊர். நான் படித்தது ஆரணியில், மாமா வீட்டில் தங்கி. மாமாவுக்குப் பட்டுத் தறி. காலையில் எழுந்தால் தறிச் சத்தம், சாயங்காலம் ஸ்கூலில் பந்துச் சத்தம். இந்த இரண்டும்தான் என் பள்ளிக்கூட வாழ்க்கை.

எங்கள் பி.டி. சார் பீரோவில் பழைய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே செல்லுலாய்டு பந்துகள். எப்போது வாங்கியதோ தெரியாது. உலகமே மாறி ஐந்து வருஷம் ஆன பிறகும் நாங்கள் அதில்தான் ஆடினோம். மாறியது எங்களுக்கு யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு சர்வீஸ் இருந்தது. பந்தின் அடிப்பக்கத்தை மட்டையால் வெட்டி விட்டால் வலையைத் தாண்டிக் குட்டையாக இரண்டு தடவை குதித்து, நின்று, சில நேரம் வலைப்பக்கமே திரும்பி வரும். எதிரே நிற்கிறவன் முழிப்பான். ஸ்கூலில் என்னை அந்த சர்வீஸுக்காகத்தான் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் முதல்முறையாக வெளியூர்ப் போட்டி. கையில் கொடுத்த பந்தில் '40+' என்று போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. சர்வீஸ் போட்டேன். பந்து நிற்கவே இல்லை. நேராக, கொஞ்சம் உயரமாக, 'வா, வந்து அடி' என்று போய் நின்றது. அந்தப் பையன் அடித்தான். மறுபடியும் போட்டேன், மறுபடியும் அடித்தான். 11-4, 11-6, 11-3. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பு பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் 40 ஆக்கினார்கள். பெரிய பந்துக்குக் காற்றுத் தடை அதிகம், வேகமும் சுழற்சியும் குறையும், டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கும் பந்து கண்ணுக்குத் தெரியும். 2014ல் பொருளையே மாற்றினார்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், செய்வதும் அனுப்புவதும் ஆபத்து என்பது சொன்ன காரணம். ஆனால் கூடவே அளவும் ஒரு மயிரிழை ஏறியது. பழைய '40' 39.5 மி.மீ. வரை இருக்கலாம். புதிய '40+' 40க்குக் கீழே இருக்கவே கூடாது. எடை அதே 2.7 கிராம்தான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம்! ஆனால் சுழற்சியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு முழம்.

அன்றைக்கு ராத்திரி மாமாவிடம் இரண்டு பந்தையும் கொடுத்தேன். (ஒன்று போட்டியில் விரிசல் விட்டதென்று ஓரமாகப் போட்டது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.) மாமாவுக்கு டேபிள் டென்னிஸ் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டையும் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது புடிக்குது, இது வழுக்குதுடா" என்றார். பட்டு இழையில் ஒரு சின்ன முடிச்சையும் விரலிலேயே கண்டுபிடிக்கிற கை அது.

"மாமா, நான் இனிமே ஆடப் போறதில்ல. பந்தையே மாத்திட்டாங்க."

"எனக்கும்தான் நூலு மாறுது. போன தடவ வந்த ஊடை வேற முறுக்கு. ரெண்டு நாளு அறுந்து அறுந்து போச்சி. அப்புறம் நாடா தள்ளற வேகத்த மாத்திக்கினேன்."

"அப்ப சரியாயிடுச்சா?"

"சேலை சரியாயிடுச்சி. அந்த ரெண்டு நாள் கூலி யார் குடுப்பாங்க?"

அந்தக் கடைசி வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏனென்றால், மாறினால் பழகிக்கொள்ளலாம் என்பதற்கு நம்ம சென்னைக்காரர் சரத் கமலே சாட்சி. 38 மி.மீ. பந்தில் ஆடி வளர்ந்தவர். 2006 மெல்பர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கியது 40 மி.மீ. செல்லுலாய்டு பந்தில். பதினாறு வருஷம் கழித்து, 2022 பர்மிங்ஹாமில், நாற்பது வயதில், பிளாஸ்டிக் பந்தில் அதே தங்கத்தை மறுபடியும் வாங்கினார். இறுதியில் இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்டை 4-1 என்று ஜெயித்தார். நடுவில் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது, மட்டைக்கு வேகப் பசை போடுவதைத் தடை செய்தார்கள். எல்லாவற்றுக்கும் கையை மாற்றிக்கொண்டு, 2025 மார்ச்சில் சொந்த ஊரில் ஆடித்தான் ஓய்வு பெற்றார். அவரை நினைத்தால் நான் புலம்புவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அவருக்குப் பந்து மாறும் செய்தி முன்கூட்டியே வந்தது. எங்களுக்குத் தோற்ற பிறகுதான் வந்தது. மாற்றம் தப்பு என்று நான் சொல்லவில்லை. தீப்பிடிக்கிற பொருளை விட்டது நல்லதுதான். பழகுகிற அந்த 'இரண்டு நாள் கூலி' மட்டும் எப்போதும் கடைசியில் இருக்கிறவன் கையிலிருந்தே போகிறது.

அப்புறம் என்ன ஆனது? நாங்கள் நாலு பேர் காசு போட்டு ஆறு புதுப் பந்து வாங்கினோம். முதல் மாதத்திலேயே இரண்டு உடைந்தது. என் சர்வீஸ் பழையபடி வரவே இல்லை. அதனால் வெட்டுவதை விட்டுவிட்டு, சர்வீஸைக் குட்டையாகப் போட்டு, மூன்றாவது பந்தை நானே முன்னே போய் அடிக்கக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் அதே போட்டியில் இரண்டு சுற்று தாண்டினேன். கோப்பை எல்லாம் இல்லை :-)

இப்போது காலேஜ் ஹாஸ்டலிலும் ஆடுகிறேன். மேஜை மேல் பந்து விழும்போது 'டொக்' என்று ஒரு காலிச் சத்தம் வரும். பழைய பந்து 'டிக்' என்று விழும். அந்தச் சத்தம் இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கை பழகியதும் காது மறந்துவிட்டது போல.

பி.கு: பழைய பந்து ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. யாராவது தீப்பெட்டியோடு வந்தால் தரமாட்டேன்.