மரக்காணக் கரையும் சூதாட்டக் கப்பலும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். வெண்மையாய் விரிந்த உப்பளங்களில் வெயிலைப் பாராது உழைப்போரைக் கண்டவாறே, கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பிப் புதுச்சேரியை அடைந்தோம்.

இக்கடலுக்குத்தான் 2022 ஜூனில் சென்னையிலிருந்து 'கோர்டீலியா' என்னும் உல்லாசக் கப்பல் வந்தது. அதனுள் சூதாட்டக் கூடம் இருந்தமையால் எதிர்ப்பு எழுந்தது. அனுமதி கிட்டாமையால் கரை சேராமலே சென்றது. 2025 ஜூலையில் மீண்டும் வந்தபோது, பயணிகள் படகேறிக் கரையிறங்கினர். எதிர்ப்பும் கூடவே எழுந்தது.

சுற்றுலாவினால் பிழைப்புப் பெருகும் என்பர். அமெரிக்கக் கடற்கரை நகரான அட்லாண்டிக் சிட்டியும் அவ்வாறே நம்பி, 1978இல் முதல் சூதாட்ட விடுதியைத் திறந்தது. 2014ஆம் ஆண்டில் மட்டும் அங்கே நான்கு விடுதிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், கள்ள லாட்டரியில் பொருளிழந்த ஒரு குடும்பத்தில் குழந்தைகள் உட்பட ஐவர் மாண்டனர். கப்பலில் ஆடுவோர் செல்வர். சீட்டு வாங்குவோர் எளியோர். இருவரையும் இழுப்பது ஒரே ஆசை.

அன்பர்களே, கப்பலைத் தடுக்க அரசு உண்டு. உப்பளத்தில் ஈட்டிய கூலி அடுப்பங்கரையை அடையும்வரை விழித்திருந்து காப்பது வீட்டாரின் கடமையன்றோ!